சிமெண்ட் மூட்டையை எந்தத் தராசில் நிறுப்பது?



சூலூரில் எங்கள் வீட்டின் மாடிப் பணி நடைபெற்ற ஏழு மாத காலமும் நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வந்தோம். இடப்பக்கத்தில் ரூபாய்க் கணக்கு. வலப்பக்கத்தில் கரியமில வாயுக் கணக்கு. எங்களில் ஒருவர் நூற்பாலையில் கணக்கர். மற்றவர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இருவரும் சேர்ந்து வீடு கட்டினால் இப்படியொரு நோட்டு பிறக்காமல் இருக்க முடியாது என்று உறவினர்கள் கேலி செய்தார்கள். இன்று அதைப் புரட்டினால் வலப்பக்கத்தில் அடித்துத் திருத்திய இடங்களே மிகுதி. இடப்பக்கத்தில் அவ்வளவு திருத்தம் இல்லை. ரூபாய் கையை விட்டுப் போகும்போது எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறது.

அந்தத் திருத்தங்களைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறோம். வீடோ மதரஸாவோ பள்ளிவாசல் விரிவாக்கமோ, நம் குடும்பங்களில் எங்கேனும் ஒன்று எப்போதும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. ‘பசுமை சிமெண்ட்’ என்று விளம்பரப்படுத்தப்படும் மூட்டைகளும் கடைக்கு வந்துவிட்டன. அவற்றை வாங்குவதா, வாங்கினால் உண்மையில் எவ்வளவு நன்மை என்று எங்களைப் போலவே மற்றவர்களும் குழம்பியிருக்கக் கூடும்.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதை இடிச்சுப் போட்டுப் புதுசா கட்டீரலாமுங்க பாய், அதுதான் லாபம்” என்றார். அது 1987-இல் அத்தா கட்டிய வீடு. அம்மா மௌத்தானதும் அந்த வீட்டில்தான். அத்தா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அஸர் தொழுகைக்குப் போய்வந்த பிறகு, “அவரு சொன்னதை யோசிச்சுப் பாருங்க, எனக்காக வேண்டாம்” என்றார். ‘எனக்காக வேண்டாம்’ என்பதன் பொருள் என்ன என்று அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியும். ஆயினும் நாங்கள் உணர்ச்சியின் பேரில் முடிவெடுக்கவில்லை. வேறொரு பொறியாளரை அழைத்து அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கச் செய்தோம். சுவர்களைத் தட்டிப் பார்த்து, இரண்டு இடங்களில் தூண் கொடுத்துவிட்டால் மேலே ஒரு மாடியைத் தாங்கும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். நோட்டின் வலப்பக்கத்தில் இது ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. கட்டாததை யார் கணக்கில் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தோம். நாங்கள் செய்த முதல் பிழை அதுவே.

சிமெண்ட்டில் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் ஆலையின் புகைபோக்கியைக் காட்டுவார்கள். நிலக்கரி எரிகிறது, புகை வருகிறது என்பார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது அந்தக் கல்லே பிரிகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் சமன்பாடுதான் இது. எழுதும்போது எவருக்கும் அது தம் வீட்டுக் கூரையாகத் தோன்றுவதில்லை. அந்தச் சுண்ணாம்பைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் கிளிங்கர் என்னும் கருங்கட்டிகள் கிடைக்கின்றன. அவற்றை ஜிப்சத்தோடு அரைத்தால் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 0.85 டன் கரியமில வாயு வெளியாகிறது; அதில் அரை டன்னுக்கு மேல் கல்லிலிருந்தே வருவது. சூளையைச் சூரிய ஒளியால் இயக்கினாலும் அந்தப் பங்கு குறையாது. உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட்டினுடையது. சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் நம் நாட்டுக்கு.

இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று. கோவையை அடுத்த மதுக்கரையில் 1930-களிலிருந்தே சிமெண்ட் ஆலை இயங்கி வந்திருக்கிறது. பாலக்காட்டுச் சாலையில் சென்றவர்கள் அதைக் கடந்துதான் வாளையாருக்குப் போயிருப்பார்கள். எங்கள் பாட்டனார் காலத்தில் அந்தப் பக்கம் போய் வந்தால் வேட்டியில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்களாம்.

ஆகவே கரியமில வாயுவைக் குறைக்க நேர்வழி, மூட்டைக்குள் கிளிங்கரைக் குறைப்பது. அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்த பின் எஞ்சும் மெல்லிய சாம்பலைக் கலந்து செய்வது பி.பி.சி. எனப்படும் போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட். இதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1489, அது 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பலை அனுமதிக்கிறது. இரும்பாலைக் கசடு கலந்தது இன்னொரு வகை. சாம்பலும் கசடும் சேர்ந்த ‘காம்போசிட்’ சிமெண்ட் மூன்றாவது வகை. நாங்கள் வாங்கிய பி.பி.சி. மூட்டையில் சாம்பல் 30 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தது. கிளிங்கர் 65 விழுக்காடு என்று கொண்டு கணக்கிட்டோம். சாதாரண சிமெண்ட் 50 கிலோ மூட்டைக்கு 41 கிலோ கரியமில வாயு, பி.பி.சி. மூட்டைக்கு 28.5 கிலோ. ஒரு மூட்டையில் 12.5 கிலோ மிச்சம். எங்கள் 900 சதுர அடி மாடிக்கு 360 மூட்டை என்று மதிப்பீடு. ஆக 4,500 கிலோ மிச்சம் என்று நோட்டில் எழுதி, கீழே இரட்டைக் கோடும் இட்டோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு என்று வைத்துப் பார்த்தால், எங்கள் ஸ்கூட்டர் 88,000 கிலோமீட்டர் ஓடுவதற்கு அது சமம். அன்று இரவு இருவரும் மிகுந்த மனநிறைவோடு உறங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அந்த இரட்டைக் கோட்டை அடிக்க வேண்டியதாயிற்று. மேஸ்திரி அனுபவசாலி, முப்பது ஆண்டுகளாகச் சூலூரிலும் பல்லடம் பக்கமும் கட்டியவர். அவரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்தார். “பூச்சுக்கும் கட்டு வேலைக்கும் எல்லாரும் பி.பி.சி. தானுங்க பாய் போடறாங்க. ரூஃபுக்கும் தூணுக்கும் மட்டுந்தான் அம்பத்திமூணு கிரேடு கேப்பாங்க. அதுல மாத்துனா மட்டுந்தான் நீங்க மாத்துன மாதிரி.”

அவர் எந்தப் புத்தகமும் படிக்காமல் சொன்ன இந்தச் சொல்தான் இத்துறையின் முதல் பாடம். குறைந்தது என்றால் எதைவிடக் குறைந்தது? யாரும் வாங்காத ஒன்றோடு ஒப்பிட்டால் எந்தப் பொருளும் பசுமையாகிவிடும். நம் நாட்டில் விற்கும் சிமெண்ட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே கலப்புச் சிமெண்ட்தான். எங்கள் 360 மூட்டையில் கான்கிரீட்டுக்குப் போனவை ஏறத்தாழ 120. மற்ற 240 மூட்டைகளில் நாங்கள் புதிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. ஊர் வழக்கத்தைப் பின்பற்றினோம், அவ்வளவே. ஆக, நாங்கள் உரிமை கோரக் கூடியது 1,500 கிலோ மட்டும். 4,500 என்பதை அடித்து 1,500 என்று எழுதினோம். அளவையில் குறைவு செய்வோரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. விற்பவரின் தராசைத்தான் அது குறிக்கிறது என்று நாங்கள் இதுவரை நினைத்திருந்தோம்.

சாம்பலின் கணக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பி.பி.சி.யில் கலக்கும் சாம்பலுக்குக் கரியமில வாயு ஏதுமில்லை என்று எழுதுகிறோம். அது மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்ததால் வந்தது. அந்தப் புகை மின்சாரத்தின் கணக்கில் ஏறிவிட்டது, மிச்சமான சாம்பல் வெறும் கழிவு என்பது வாதம். குர்பானி ஆட்டின் விலை முழுவதையும் இறைச்சியின் பேரில் எழுதிவிட்டால் தோல் இலவசமாகத்தான் தோன்றும். குளத்தில் கொட்டிக் கிடந்த காலத்தில் சாம்பலைக் கழிவு என்றது சரி. நாடு முழுவதும் ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் உண்டாகிறது. அதைக் கட்டுமானத்தில் பயன்படுத்துமாறு மத்திய அரசு 1999 முதலே அறிவிக்கைகள் வெளியிட்டு வருகிறது. இன்று நல்ல சாம்பலுக்கு விலை உண்டு, போட்டி உண்டு. விலைக்கு விற்கப்படும் பொருளுக்கும் அந்தப் புகையில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும் என்போரும் இருக்கின்றனர். அப்படிச் சேர்த்தால் எங்கள் 1,500 இன்னும் சுருங்கும். எந்த முறையில் கணக்கிட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நாங்கள் சாம்பலைக் கழிவாகவே எழுதியிருக்கிறோம்.

நிலக்கரி குறையக் குறையச் சாம்பலும் குறையும் அல்லவா? அதற்கு மாற்றாகத்தான் எல்.சி.3 என்னும் சிமெண்ட்டைப் பற்றி இப்போது பேசுகிறார்கள். பாதியளவு கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக் கல், 5 விழுக்காடு ஜிப்சம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பேராசிரியை கேரன் ஸ்க்ரிவனரும், கியூபாவின் ஆய்வாளர்களும், நம் நாட்டில் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து இதை வளர்த்தெடுத்தார்கள். கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். களிமண்ணைச் சுடும்போது கல் பிரிந்து வாயுவாவது போன்ற இழப்பும் இல்லை, நீராவிதான் வெளியேறுகிறது. சாதாரண சிமெண்ட்டைவிட 30 முதல் 40 விழுக்காடு வரை கரியமில வாயு குறையும் என்று மதிப்பிடுகிறார்கள். 2023-இல் இதற்கு ஐ.எஸ். 18189 என்ற தர நிர்ணயமும் வந்துவிட்டது. நாங்கள் திருச்சி சாலையில் நான்கு கடைகளில் கேட்டோம். ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒரு கடைக்காரர் மட்டும், “எல்.ஐ.சி.யா கேக்கறீங்க?” என்றார்.

சுட்ட களிமண் நமக்குப் புதிது போலத் தோன்றினாலும் புதிதன்று. செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்க்கும் சுர்க்கிக் கலவை நம் கொத்தனார்களின் பழைய சொத்து. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை அத்தகைய சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையால் ஆனது. மேஸ்திரியின் தாத்தா சுர்க்கி அரைத்தவராம். எல்.சி.3 பற்றி விளக்கியபோது, “அப்ப எங்க தாத்தன் வேலையத்தான் வெள்ளக்காரங்க மறுபடி கண்டுபுடிச்சிருக்காங்க” என்று அவர் முடித்துவிட்டார். முற்றிலும் சரியில்லை, ஆனால் முற்றிலும் தவறும் இல்லை. களிமண்ணுக்கும் பூமியைத் தோண்டத்தான் வேண்டும் என்பதையும் கோவைக்காரர்கள் மறக்க முடியாது. செம்மண் அகழ்வு எல்லை மீறியதால் தடாகம் பள்ளத்தாக்கின் நூற்றுக்கும் மேற்பட்ட செங்கற்சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. கரியமில வாயுத் தராசில் அந்தப் பள்ளங்களின் எடை தெரியாது. அதுபோலவே காரணம்பேட்டைப் பக்கத்துக் கல்குவாரிகளும் கிரஷர்களும் எங்கள் ஜல்லியையும் எம்-சாண்டையும் தந்தன. கணக்கில் அவற்றின் கரியமில வாயு மிகச் சிறியது. அங்கே குடியிருப்போர் வீட்டு முற்றத்தில் படியும் தூசி அப்படிச் சிறியதன்று.

இனி கான்கிரீட்டுக்கு வருவோம். வீட்டைத் தாங்குவது சிமெண்ட் தனியாக அன்று. ஜல்லி, மணல், நீர் சேர்ந்த கான்கிரீட். மேஸ்திரியின் கைக்கணக்குப்படி ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை. பொறியாளர் எங்கள் ஜல்லியையும் எம்-சாண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பிக் கலவை விகிதம் வாங்கித் தந்தார். தண்ணீரைக் குறைக்கும் பிளாஸ்டிசைசர் திரவம் சிறிது சேர்த்தால், அதே வலிமைக்கு ஆறரை மூட்டை போதும் என்று வந்தது. 18 கன மீட்டருக்கு 27 மூட்டை மிச்சம். ஏறத்தாழ 770 கிலோ கரியமில வாயு. சிமெண்ட் வகையை மாற்றிக் கிடைத்ததில் பாதி, ஓர் ஆய்வக அறிக்கையால் கிடைத்தது. அதற்கான கட்டணம் மிச்சமான மூட்டைகளின் விலையைவிடக் குறைவு என்பதை இடப்பக்கமும் உறுதி செய்கிறது. இதை எந்த விளம்பரமும் சொல்லாது. குறைவாக வாங்குங்கள் என்று விற்பவர் எப்படிச் சொல்வார்?

கூரைத் தளம் 2025 பிப்ரவரியில், ஷஅபான் மாதத்தில் போடப்பட்டது. எல்லாம் முறையாக நடந்தது. தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்தினோம். சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்கு இது மிக முக்கியம். சிமெண்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது ஒருவகைச் சுண்ணாம்பு வெளிப்படுகிறது. சாம்பல் அதனோடு மெதுவாகச் சேர்ந்துதான் இறுகும். அதற்கு நாள் வேண்டும், ஈரம் வேண்டும். சாதாரண சிமெண்ட்டுக்கு ஏழு நாள் என்றால் கலப்புச் சிமெண்ட்டுக்குக் குறைந்தது பத்து நாள், வெயில் காலத்தில் பதினான்கு நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. பதினான்கு நாளும் காத்தோம்.

பிழை நடந்தது அதன் பிறகு, ரமலானில்.

முன்பக்கத்துப் பால்கனியும் சன்ஷேடும் ரமலானின் கடைசிப் பத்தில் போடப்பட்டன. பெருநாளுக்கு முன் சென்ட்ரிங் பலகையைத் திருப்பித் தர வேண்டும் என்று அவசரம். நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் நின்று மேற்பார்வை செய்ய எங்களால் இயலவில்லை. கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஆட்கள் கூடுதலாக ஒரு குடம், பிறகு இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றியதை மாடிப்படியில் நின்று பார்த்தோம். பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டோம். பால்கனியில் பாத்தி கட்ட முடியாது. குழாய் பிடித்து நனைக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் இறங்கியிருந்தது. நனைத்த நீரில் பாதி சுவரோரம் வழிந்து தெருவுக்குப் போயிற்று. நான்காம் நாள் அத்தா மோட்டாரை நிறுத்திவிட்டார். “ஆத்தங்கரையில உக்காந்து ஒளு செஞ்சாலும் தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு இருக்கு. நீங்க நோம்பு மாசத்துல சிமெண்ட்டுக்கு ஊத்தித் தெருவுல விடறீங்க” என்றார்.

எங்களிடம் பதில் இருந்தது. வேதியியல் ஆசிரியையிடம் பதில் இல்லாமல் இருக்குமா? ஆனால் நோன்பாளியான எழுபத்தெட்டு வயது மனிதரோடு, அதுவும் அவர் சொன்னது சரியாக இருக்கும்போது, வாதிட மனம் வரவில்லை. நீர் தெருவில் வழிந்தது வீண்தான். சாக்கு போட்டு நனைத்திருந்தால் கால்வாசித் தண்ணீரில் வேலை முடிந்திருக்கும். அதைச் செய்யாமல், பெருநாள் வேலைகளில் மூழ்கிவிட்டோம்.

சித்திரையில் முதல் கோடை மழை பெய்தது. பால்கனியின் அடிப்பக்கத்தில் ஈரம் கோடு கோடாக இறங்கியது. மேற்பரப்பைக் கையால் தேய்த்தால் மாவு போல் உதிர்ந்தது. பொறியாளர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பொள்ளலான ஓசை வந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தளம், குழந்தைகள் நிற்கும் இடம். “இதை நான் பொறுப்பேற்க முடியாதுங்க” என்றார்.

இடித்தோம். பதினொரு மூட்டை சிமெண்ட் கல்லாகவும் தூளாகவும் டிராக்டரில் ஏறிப் போயிற்று. நோட்டில் சிவப்பு மையில் எழுதினோம்: முதலில் போட்டது 313 கிலோ, மீண்டும் போட்டது 313 கிலோ. கம்பியை நேராக்கிப் பயன்படுத்த இயலவில்லை. ஒரு டன் கம்பிக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு என்பதால் அதுவும் சிறு தொகையன்று. சிமெண்ட் வகையை மாற்றிச் சேமித்த 1,500 கிலோவில் ஒரு நல்ல பகுதி நான்கு நாள் அலட்சியத்தில் போயிற்று. இதில் சிமெண்ட்டின் மேல் குற்றமில்லை. கிளிங்கர் குறைந்த சிமெண்ட் பொறுமையை அதிகம் கேட்கிறது. அந்தப் பொறுமையை நாங்கள் தரவில்லை.

இதனால்தான் சிமெண்ட்டை மூட்டைக்கு இத்தனை கிலோ என்று நிறுப்பது போதாது என்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் கான்கிரீட்டின் கரியமில வாயுவை மட்டும் பார்ப்பதில்லை. அது எவ்வளவு வலிமை தருகிறது, எவ்வளவு காலம் உள்ளே இருக்கும் கம்பியைக் காக்கிறது என்பவற்றோடு சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்ப உறிஞ்சும் என்பது உண்மை. சிலர் அதை வரவில் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வாயு கம்பி வரை இறங்கினால் கான்கிரீட்டின் காரத்தன்மை போய்த் துரு பிடிக்கத் தொடங்கும். கிளிங்கர் குறைந்த கான்கிரீட்டில், சரியாக நனைக்காவிட்டால், அது இன்னும் விரைவில் இறங்கும். ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய கூரை இருபத்தைந்தில் உதிர்ந்தால், மூட்டைக்குக் கிடைத்த மூன்றில் ஒரு பங்கு மிச்சத்துக்கு என்ன பொருள்? ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு நிழல் தர எவ்வளவு செலவாயிற்று என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்த்தபோதுதான் நோட்டின் முதல் பக்கத்தில் விட்டுப்போன வரி நினைவுக்கு வந்தது. அத்தாவின் வீட்டை இடித்திருந்தால் கீழ்த்தளத்துக்கு மட்டும் இன்னொரு 400 மூட்டை வேண்டியிருக்கும். பி.பி.சி.யாகவே கொண்டாலும் 11,400 கிலோ கரியமில வாயு. செங்கல்லும் கம்பியும் தனி. மாடியில் முதலில் திட்டமிட்டிருந்த, ஆண்டுக்கு நான்கு முறை விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கக் கூடிய தனி வரவேற்பறையைக் கைவிட்டதில் 100 மூட்டை, 2,850 கிலோ. இவ்விரண்டின் முன் எங்கள் 1,500-உம் 770-உம் சிறிய எண்கள். வரவேற்பறையை விட்டதற்குச் சூழல் அக்கறை காரணமன்று, பணம் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். காரணம் எதுவாயினும் கரியமில வாயுவுக்கு அது தெரியப்போவதில்லை.

ஆனாலும் சிமெண்ட் வகையால் வரும் மிச்சம் அற்பமென்று எவரும் கொள்ள வேண்டாம். வீடில்லாதவர்கள் கட்டத்தான் வேண்டும். நம் நாட்டில் அவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கட்டாமல் இருங்கள் என்று மூன்று படுக்கையறை வீட்டிலிருந்து நாம் உபதேசிக்க இயலாது. அவர்களுக்கான மூட்டையில் கிளிங்கர் குறைவது பெரிய காரியம். எல்.சி.3 சூலூர்க் கடைவீதிக்கு வந்தால், அடுத்து எங்கள் குடும்பத்தில் கட்டுவோர் அதைத்தான் வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். பதினான்கு நாள் நனைக்க ஆள் இருக்கிறதா என்ற கேள்வியோடு.

பால்கனியை வைகாசியில் மீண்டும் போட்டோம். இம்முறை குடத்துடன் ஒருவரும் கலவையருகே வரவில்லை. அத்தா தாமே பழைய சணல் சாக்குகளைத் தேடி எடுத்து வந்து விரித்தார். ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு வாளி, அஸருக்குப் பிறகு ஒரு வாளி, நடுவில் வெயில் ஏறினால் இன்னொன்று. வழிந்த நீர் விழும் இடத்தில் இரண்டு முருங்கைக் கன்றுகளை நட்டிருந்தார். சுவரில் சுண்ணக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு. பதினான்கு போதும் என்று சொல்லியும் பதினாறு கோடுகள் இட்டிருக்கிறார். அந்தச் சுவருக்கு மட்டும் இன்னும் வண்ணம் பூசவில்லை.

இப்போது எங்கள் மஹல்லாவில் பழைய மதரஸாக் கூடத்தைப் பற்றிய பேச்சு நடக்கிறது. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை. அதை இடித்துவிட்டுப் பசுமை சிமெண்ட்டால் இரண்டு தளங்கள் கட்டலாம் என்று ஒரு சாரார். ஓட்டை மாற்றிச் சுவரைப் பழுது பார்த்தால் போதும் என்று இன்னொரு சாரார். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது என்பதும் உண்மை. வக்ஃபுப் பணம் என்பதால் யோசித்துச் செய்ய வேண்டும் என்பதும் உண்மை. நிர்வாகிகள் எங்கள் நோட்டைக் கேட்டனுப்பினார்கள். சிவப்பு மைப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படியே கொடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு அதே பொறியாளர் சுத்தியலோடு வந்து மதரஸாச் சுவர்களைத் தட்டிப் பார்க்கிறார்.